ஐந்து நாள் தொடரில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து வீரரை எடைபோடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருச்சி என்று காவிரிப் படுகையின் எந்த ஊரில் கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்துத் தொடர் நடந்தாலும், முதல் நாள் இரவு ஆட்டம் முடிந்து விளக்குகளை அணைப்பதற்குள் ஒரு சட்டை எண் கோர்ட்டைச் சுற்றிப் பேச்சாகிவிடும். "பன்னிரண்டாம் நம்பர் பையன் இருபத்தாறு பாயின்ட் போட்டிருக்கான்" என்று டீக்கடை வரைக்கும் செய்தி போகும். நான்காம் நாள் அரையிறுதியில் அதே பையன் ஏழு பாயின்டோடு நிற்கும்போது, "முதல் நாள் ஆடினதெல்லாம் சும்மா அதிர்ஷ்டம்" என்று அதே டீக்கடையில் தீர்ப்பு மாறும். இரண்டு தீர்ப்புக்கும் ஆதாரம் ஸ்கோர் ஷீட்டின் ஒரே ஒரு கட்டம்தான். அந்த 26 எப்படி வந்தது, அந்த 7 ஏன் ஏழோடு நின்றது என்பதை ஸ்கோர் ஷீட் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள், கல்லூரி உடற்கல்வி இயக்குநர்கள், மறுநாள் எதிரணியைச் சந்திக்கப்போகும் பயிற்சியாளர்கள், கையில் நோட்டைக் கொடுத்து உட்காரவைக்கப்பட்ட சீனியர் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கோர்ட்டின் ஓரத்தில் நோட்டும் பென்சிலுமாகப் பல ஆண்டுகள் உட்கார்ந்ததில் நான் தவறிய இடங்களும் இதில் வரும்.

முதல் படி: கேள்வியை முடிவு செய்தல்

ஒரே வீரரை மூன்று பேர் மூன்று கேள்விகளோடு பார்க்கலாம். பன்னிரண்டு பேர் கொண்ட பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேடுபவர், இந்திய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் தென் மண்டலத் தொடரில் இன்னும் உயரமான, இன்னும் வேகமான ஆட்களுக்கு எதிரே இவருடைய எந்தத் திறமை செல்லுபடியாகும் என்று கேட்கிறார். வீரருடைய சொந்தப் பயிற்சியாளர், அடுத்த ஆறு மாதத்தில் எதைச் சரிசெய்ய முடியும் என்று கேட்கிறார். எதிரணிப் பயிற்சியாளருக்கு வேண்டியதெல்லாம் நாளை மாலை இவரை எப்படிக் கட்டுவது என்பது மட்டுமே. எதிரணிக்காரருக்குப் பொன்னான ஒரு குறிப்பு, உதாரணமாக "ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு (ஃபவுலுக்காகத் தரப்படும் தடையற்ற எறிதலுக்கான கோடு) வந்ததும் தட்டுவதை நிறுத்திப் பந்தைக் கையில் எடுத்துவிடுகிறார்" என்பது, தேர்வாளருக்கு இரண்டாம்பட்சமாக இருக்கலாம். இரண்டு மாதப் பயிற்சியில் போகக்கூடிய பழக்கம் அது. ஆகையால் நோட்டின் முதல் பக்கத்தில் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிவிட்டுத்தான் ஆட்டம் பார்க்க உட்கார வேண்டும்.

இரண்டாம் படி: களத்தைப் படித்தல்

ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். நம் பக்கத்துத் தொடர்களில் பல திறந்தவெளி சிமென்ட் தளத்தில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குணம் உண்டு. ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டரில் இருக்கிறதா, கம்பம் முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, ரிங்கின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த ரிங் பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு பாதித் தவறான ஷாட்டையும் உள்ளே விழவைக்கும். இறுகிய ரிங் நல்ல ஷாட்டையும் வெளியே உதறும்.

கோடுகளையும் கவனியுங்கள். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா 2010-இல் மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளியது. ரிங்கின் கீழே சரிவகமாக இருந்த பகுதியும் அப்போதுதான் செவ்வகமானது. பழைய தளங்களில் புதுப் பெயின்டுக்கு அடியில் பழைய வளைவு இன்னும் மங்கலாகத் தெரிவதுண்டு. வெளியூரிலிருந்து வந்த ஷூட்டர் அவசரத்தில் அந்தப் பழைய வளைவை நம்பி நின்று மூன்றுக்குப் பதில் இரண்டு வாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதை அவருடைய கவனக்குறைவாக எழுதுவது நியாயமில்லை. இரண்டாவது முறையும் அதையே செய்தால் எழுதலாம்.

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் மாலையில் கடற்காற்று எழும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுவதால், காற்றை எதிர்த்து எறிந்த பாதியையும் காற்றோடு எறிந்த பாதியையும் பிரித்து எழுதினாலே தூர ஷாட்டைப் பற்றிய பாதிக் குழப்பம் தீரும். மார்கழியிலும் தையிலும் இரவு எட்டு மணிக்கு மேல் பனி இறங்கி சிமென்ட் பிசுபிசுக்கத் தொடங்கும். திடீரென்று நிற்க வேண்டிய இடத்தில் கால் ஒரு சாண் வழுக்கி, நடுவர் டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கால் நகர்த்திய தவறு) ஊதுவார். அந்த நேரத்து டர்ன்ஓவர்களுக்குப் (ஷாட் எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது) பக்கத்தில் ஒரு சிறு 'ப' போட்டுவையுங்கள்.

மூன்றாம் படி: நோட்டுப் பக்கம்

இந்தப் படியைச் சரியாகச் செய்பவருக்கு மற்றவையெல்லாம் தானாக வரும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கத்தில் பாதிக் கோர்ட்டின் படம் வரைந்துகொள்ளுங்கள். ஷாட் எறிந்த இடத்தில், பந்து கூடையில் விழுந்தால் வட்டம், விழாவிட்டால் பெருக்கல் குறி. வலப்பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து நிலைமை, செயல், விளைவு என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு முறை பந்து அந்த வீரரின் அணியிடம் வரும்போதும் ஒரு வரி, எதிரணியிடம் போகும்போதும் ஒரு வரி. என்னுடைய நோட்டிலிருந்து ஒரு வரியைக் காட்டுகிறேன்: "2-வது குவார்ட்டர், 6:40. இட மூலைக்கு மேலே பந்து வாங்கினார், காவலர் வலப்பக்கத்தை மூடி நிற்கிறார் / ஒரே டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது), நின்றார், திரும்பிப் பாயின்ட் கார்டுக்கே (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) பாஸ் / ஒன்றுமில்லை." ஸ்கோர் ஷீட்டில் இந்த வரிக்கு இடமே கிடையாது. ஆனால் இதே வரி ஒரு பாதியில் ஐந்து முறை வந்தால், அந்த வீரரைப் பற்றி அன்றைக்குத் தெரிந்துகொண்ட மிக முக்கியமான செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

பந்தைப் பின்தொடர்ந்து ஓடும் கண்ணைக் கட்டுப்படுத்துவதுதான் இதில் கடினம். ஒரு குவார்ட்டர் 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் ஒரே ஆளைப் பாருங்கள், பந்து எங்கே போனாலும் சரி. முதல் நாள் இது பெரிய தண்டனையாக இருக்கும், பக்கத்தில் எல்லோரும் கைதட்டும்போது நீங்கள் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு ஆட்டத்தில் இரண்டு பேருக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் மூவரையும் அரைகுறையாகத்தான் பார்ப்பீர்கள்.

இரவில் அறைக்குப் போனதும் விளைவுப் பத்தியை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு முதல் இரண்டு பத்திகளை மட்டும் படியுங்கள். இந்த நிலைமையில் இந்தச் செயல் சரியா, தவறா என்று ஓரத்தில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு காகிதத்தை எடுங்கள். தவறான முடிவு அதிர்ஷ்டத்தால் கூடையில் விழுந்ததும், சரியான முடிவு ரிங்கில் பட்டு வெளியே போனதும் அப்போது தனித்தனியே தெரியும். கைபேசியில் வீடியோ எடுக்க ஆள் கிடைத்தால் நல்லது, ரிங்குக்குப் பின்னால் சற்று உயரத்தில் நின்று பத்து பேரும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். பந்தைத் துரத்தும் வீடியோவால் பயனில்லை.

நான்காம் படி: எண்களை அளவோடு பயன்படுத்துதல்

ஒரு வீரர் 22 ஷாட் எறிந்து 8 போட்டார், அதில் 2 மூன்று புள்ளி ஷாட்; ஃப்ரீ த்ரோவில் 2 புள்ளி; மொத்தம் 20. இன்னொருவர் 9 ஷாட் எறிந்து 5 போட்டார், அதிலும் 2 மூன்று புள்ளி ஷாட், ஃப்ரீ த்ரோவில் 2, மொத்தம் 14. கைதட்டல் முன்னவருக்குத்தான் கிடைக்கும். மூன்று புள்ளி ஷாட் ஒவ்வொன்றையும் ஒன்றரைக் கூடையாக எண்ணி, மொத்த ஷாட்டால் வகுத்துப் பாருங்கள்: முன்னவருக்கு 9-ஐ 22-ஆல் வகுத்தால் சுமார் 41 சதவீதம், பின்னவருக்கு 6-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 67 சதவீதம். கூடைப்பந்துக் கணக்கியலில் முன்னோடியான டீன் ஆலிவர் வெற்றியைத் தீர்மானிக்கும் காரணிகள் என்று நான்கைச் சொன்னார்: இந்த ஷாட் விகிதம், டர்ன்ஓவர், தாக்குதல் பக்க ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைத் தாமே மீட்பது), ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும் அளவு. முதலாவதுக்குத்தான் அவர் அதிக எடை கொடுத்தார். நான்கையும் நோட்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

ஆனால் ஐந்து ஆட்டத்தின் எண்கள் மிகக் குறைவானவை. ஒருவர் தொடர் முழுக்க 15 மூன்று புள்ளி ஷாட் எறிந்து 6 போட்டால் 40 சதவீதம், 4 போட்டால் 27 சதவீதம். "அபாரமான ஷூட்டர்" என்பதற்கும் "தூரத்திலிருந்து எறிய விடலாம்" என்பதற்கும் இடையே இருப்பது இரண்டே பந்துதான். அதனால் தூர ஷாட்டை எடைபோட நான் விழுந்த கணக்கைவிடக் கால்களையும் மணிக்கட்டையும்தான் நம்புகிறேன். பந்து கைக்கு வருவதற்கு முன்பே பாதங்கள் ரிங்கைப் பார்த்து நிற்கின்றனவா? தவறும் ஷாட்டுகள் நேராக முன்னும் பின்னும் தவறுகின்றனவா, இடமும் வலமுமாகச் சிதறுகின்றனவா? நேர்க்கோட்டில் தவறுவது பெரும்பாலும் தூரத்தைக் கணிப்பதில் உள்ள குறை, பழகப் பழகத் திருந்தும். பக்கவாட்டில் சிதறுவது முழங்கையிலோ தோளிலோ உள்ள கோணல். ஃப்ரீ த்ரோ இதற்கு நல்ல சாட்சி. யாரும் மறிக்காத, எப்போதும் ஒரே தூரத்தில் எறியும் ஷாட் என்பதால் கையின் உண்மையான தரம் அங்கேதான் தெரிகிறது. மேல்மட்டத் தேர்வாளர்கள் ஒருவருடைய எதிர்காலத் தூர ஷாட்டைக் கணிக்க ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் பார்ப்பதற்குக் காரணமும் இதுவே.

ஐந்தாம் படி: தாக்குதலில் எதைப் பார்ப்பது

பன்னிரண்டாம் எண் பையனிடம் திரும்பி வருவோம். முதல் ஆட்டத்தில் அவருடைய 26 புள்ளிகளில் 22 பதினோரு கூடைகளிலிருந்தும், 4 ஃப்ரீ த்ரோவிலிருந்தும் வந்தவை. பதினோரு கூடைகளில் ஒன்பது, வலப்பக்கமாகப் புகுந்து வலக்கையால் போட்ட லே-அப் (ரிங்குக்கு அருகே ஓடிப்போய்ப் பந்தை உள்ளே இடுவது). எதிரணி ஆளுக்கு ஆள் காவல் நின்றது, ஆனால் தளர்வாக நின்றது. வலப்பக்கக் கதவு திறந்தே கிடந்தது. அன்றிரவு என் நோட்டில் "வலப்பக்கம் புகுந்தால் நிறுத்த முடியாது, இடப்பக்கம் இன்னும் பார்க்கவில்லை" என்று எழுதினேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதிவைக்க வேண்டும். முதல் நாளில் பலவீனம் தெரியவில்லை என்றால், பலவீனம் இல்லை என்று ஆகிவிடாது.

அரையிறுதி எதிரணியின் பயிற்சியாளர் அந்த முதல் ஆட்டத்தை மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். தன் காவலரை அந்தப் பையனின் வல இடுப்போடு ஒட்டி நிறுத்திவிட்டு, இடப்பக்கத்தைத் தாராளமாகத் திறந்துவிட்டார். பையன் பதினான்கு முறை இடப்பக்கம் போனார். ரிங் வரை போய்ச் சேர்ந்தது இரண்டே முறை. மற்ற நேரங்களில் இடக்கையில் மூன்றாவது டிரிபிளுக்குள் பந்தை இரண்டு கையாலும் பற்றிவிட்டார், அல்லது வலக்கைக்கு மாற்றப் போய்ப் பந்தைத் தொலைத்தார். ஐந்து டர்ன்ஓவர், ஏழு புள்ளி. இதுவரை யாருக்கும் தெரிந்த கதைதான்.

அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் வேறொரு செய்தி இருந்தது. மூன்றாவது குவார்ட்டரிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து அவரை மடக்கத் தொடங்கியதும், அவர் தலையைத் தூக்கிப் பார்த்து, எதிர் மூலையில் தனியாக நின்றவருக்குத் தலைக்கு மேலாகப் பந்தை அனுப்பத் தொடங்கினார். ஆறு முறை அனுப்பினார், ஆறும் நெஞ்சுயரத்தில் போய்ச் சேர்ந்தன. சகவீரர்கள் போட்டது ஒன்று, தவறவிட்டது ஐந்து. பாஸ் வாங்கியவர் கூடை போட்டால்தான் பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் கணக்கு. ஆகையால் ஸ்கோர் ஷீட்டில் அந்த ஆறு பாஸுக்குக் கிடைத்த மரியாதை ஒன்றே ஒன்று. முதல் நாள் 26 புள்ளியைவிட எனக்கு இந்த ஆறு பாஸ்தான் பெரிதாகப் பட்டது. கதவை அடைத்தபோது வேறு வழி தேடத் தெரிந்திருக்கிறது. இடக்கையைக் கற்றுக்கொடுத்துவிடலாம், தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

பந்து இல்லாதபோது தாக்குதல் வீரர் என்ன செய்கிறார் என்பதையும் இதே படியில் குறிக்க வேண்டும். ஸ்க்ரீன் (கூட்டாளியைத் துரத்தும் காவலரை உடலால் மறித்து நிற்பது) போட்ட பிறகு அங்கேயே நின்று வேடிக்கை பார்க்கிறாரா, ரிங்கை நோக்கித் திரும்பிக் கை நீட்டுகிறாரா? காவலர் பந்தைப் பார்த்த நொடியில் அவர் முதுகுக்குப் பின்னால் வெட்டி ஓடுகிறாரா? பாஸ் கொடுத்த கையோடு நடக்கத் தொடங்குபவரை எந்த மேல்மட்ட அணியிலும் வைத்து ஆட்டுவது கஷ்டம்.

ஆறாம் படி: கட்டளையையும் குணத்தையும் பிரித்தறிதல்

இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடரில், உயரமான, நல்ல கையுள்ள ஒரு பையனைப் பற்றி, "நெருக்கடி நேரத்தில் பந்தை வாங்க மறுக்கிறார், மூலையில் ஒதுங்கி நிற்கிறார், துணிச்சல் இல்லை" என்று எழுதிக்கொடுத்தேன். அவர் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படவில்லை. பல மாதங்கள் கழித்து அந்த அணியில் ஆடிய இன்னொரு பையன் பேச்சுவாக்கில் சொன்னான்: "மூலையை விட்டு நகரக் கூடாதுன்னு எங்க சாரோட ஆர்டர் சார். காவலாளை வெளியே இழுக்கறதுதான் அவனோட வேலை." அவர் ஆட்டம் முழுக்க அந்த வேலையைப் பிசகாமல் செய்திருக்கிறார், நான் கட்டுப்பாட்டைக் கோழைத்தனம் என்று எழுதியிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு செயல் மூன்று முறைக்கு மேல் ஒரே மாதிரி நடந்தால், டைம் அவுட்டின்போது பயிற்சியாளர் முகத்தைப் பார்ப்பேன். கட்டளையாக இருந்தால் அவர் கோபப்பட மாட்டார். சந்தேகம் தீராவிட்டால் ஆட்டம் முடிந்ததும் அவரிடமே கேட்டுவிடுவேன். தன் திட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டால் மகிழாத பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை.

ஏழாம் படி: தடுப்பாட்டம்

தடுப்பாட்டத்தை மதிப்பிடத் தொடங்குபவர்கள் பிளாக்கையும் (ஷாட்டைத் தட்டிவிடுவது) ஸ்டீலையும் (பந்தைப் பறிப்பது) எண்ணிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பந்தைப் பறிக்கப் பாய்ந்து நான்கு முறை ஏமாந்து, ஐந்தாம் முறை பறிப்பவர் ஸ்கோர் ஷீட்டில் ஒரு ஸ்டீலோடு நிற்பார். அந்த நான்கு முறையும் அவருக்குப் பின்னால் ரிங்குக்கு அருகே நின்ற சென்டர் ஃபவுல் வாங்கியிருப்பார். ஆகையால் காவலரின் பாதங்களைப் பாருங்கள். மூலையில் நிற்கும் ஷூட்டருக்குப் பந்து போகும்போது ஓடிப்போய் மறிப்பவர், கடைசி இரண்டு எட்டைச் சிறு எட்டுகளாக வைத்துக் கையை உயர்த்தி நிற்கிறாரா, ஓடிய வேகத்திலேயே தாண்டிப் பறந்துவிடுகிறாரா என்ற ஒரு கேள்வி பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஷாட் எறியப்பட்ட நொடியில் எல்லோருடைய கண்ணும் பந்தோடு மேலே போகும். அந்த ஒரு நொடி மட்டும் நீங்கள் கீழே பாருங்கள். நல்ல ரீபவுண்டர் பந்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைத் தேடி, முதுகை அவர் நெஞ்சோடு வைத்து, இடத்தைப் பிடித்துவிட்டுத்தான் நிமிர்வார். ஐந்தடி எட்டு அங்குலப் பையன் இப்படி முட்டுக்கொடுத்து ஆறரை அடி ஆளை வெளியே நிறுத்தி, பந்தைத் தன் கூட்டாளி எடுக்கும்படி செய்வதுண்டு. ரீபவுண்ட் கணக்கு கூட்டாளிக்குப் போகும். என் நோட்டில் அதற்கென்று 'மு' என்று தனிக் குறி இருக்கிறது.

குரலையும் கேளுங்கள். கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார முடிவது நம் ஊர்த் தொடர்களின் பெரிய வசதி. "ஸ்க்ரீன் இடது", "மாத்து", "நான் பாக்கறேன்" என்று பின்வரிசையிலிருந்து ஓயாமல் கத்துபவர் தன் அணியின் ஐந்து பேரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். ஃபவுல் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஐந்தாவது ஃபவுலில் வீரர் வெளியே, ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இது தெரிந்தும் அணிக்கு நான்கு ஃபவுல் ஆனபின் நடுக்கோட்டுக்கு அருகில் கையை நீட்டுபவரின் பெயருக்குப் பக்கத்தில் நேரத்தோடு குறித்துவையுங்கள்.

எட்டாம் படி: நாள்களை ஒப்பிடுதல்

நம் தொடர்கள் பெரும்பாலும் 'நாக்-அவுட் கம் லீக்' முறையில் நடக்கின்றன: முதலில் தோற்றவர் வெளியேறும் சுற்று, பிறகு மிஞ்சிய நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோதும் லீக். முதல் சுற்றில் ஒரு பலவீனமான அணியை அறுபது புள்ளி வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தையும், லீக்கின் மூன்றாவது ஆட்டத்தையும் சேர்த்துச் சராசரி எடுப்பதுபோல் ஏமாற்று வேலை வேறில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரணியின் தரத்தை வலிமை, நடுத்தரம், எளிது என்று மேலே எழுதி, வலிமையான அணிக்கு எதிரான பக்கங்களை மட்டும் தனியாக மடித்துவையுங்கள்.

களைப்பு ஐந்தாம் நாளில்தான் உண்மையைப் பேசும். வெளியூர் அணிகள் வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கின்றன, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதே ஒரு தனிப் போட்டி. கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த நிலையில் நான்கு இரவு கழித்தவரின் கால்களில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு. ஷாட்டுகள் வரிசையாக ரிங்கின் முன்விளிம்பில் தட்டத் தொடங்கும், ஏனென்றால் தூரத்தைத் தருவது கால்கள். காவலுக்கு நிற்கும்போது இடுப்பு தாழாமல் நெட்டென்று நிற்பார். காலால் நகர வேண்டிய இடத்தில் கையால் பிடித்து ஃபவுல் வாங்குவார். பந்து இழந்த பிறகு திரும்பி ஓடும்போது முதல் மூன்று எட்டு நடையாக இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் நான்காவது குவார்ட்டரில் அவர் திரும்பி ஓடும் ஐந்து முறையில் எத்தனை முறை நடையோடு தொடங்குகிறார் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்; முதல் நாளையும் ஐந்தாம் நாளையும் பக்கத்தில் வைத்தால் வேறு சோதனை தேவைப்படாது.

பெண்கள் ஆட்டத்தை நம் பக்கத்தில் பெரும்பாலும் பிற்பகல் வெயிலில் வைத்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தை ஆண்களுக்கு ஒதுக்கும் வழக்கம் இருக்கிறது. பெண்களுக்கான சற்றுச் சிறிய ஆறாம் அளவுப் பந்தில், சுடும் சிமென்டில் ஆடிய ஒருவருடைய கடைசிக் குவார்ட்டர் எண்களை மாலை ஆட்டத்தின் எண்களோடு ஒப்பிடுவது தவறு. நேரத்தைப் பக்கத்தின் மேலே எழுதிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: கடைசி நான்கு நிமிடம்

வித்தியாசம் ஐந்து புள்ளிக்குள் இருக்கும் கடைசி நான்கு நிமிடங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அங்கே கூடை விழுந்ததா என்பதைவிட என்ன முடிவு எடுத்தார் என்பதே முக்கியம். அதற்கு அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலிருந்து ஒரு சான்று சொல்கிறேன்.

அங்கே நடக்கும் என்.சி.ஏ.ஏ. ஆண்கள் தொடர் ஒரு தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பிவிடும் தொடர். ஆட்டம் நான்கு குவார்ட்டராக இல்லாமல் 20 நிமிடத்தின் இரண்டு பாதியாக நடக்கும். 2008-இல் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்கு ஆடிய ஸ்டீஃபன் கறி, கொன்ஸாகாவுக்கு எதிராக 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்சினுக்கு எதிராக 33 புள்ளி எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் கான்சஸ் அணி அவரை விடாமல் துரத்தியது. 25 ஷாட்டில் 9 மட்டுமே விழுந்தன. 57-59 என்று பின்தங்கியிருந்த கடைசி நொடிகளில் பந்து அவரிடம்தான் இருந்தது. இரண்டு பேர் மடக்கியதும் அவர் வலிந்து எறியாமல் தனியாக நின்ற ஜேசன் ரிச்சர்ட்ஸுக்குப் பாஸ் கொடுத்தார். ரிச்சர்ட்ஸின் மூன்று புள்ளி ஷாட் தவறியது, டேவிட்சன் வெளியேறியது, கான்சஸ் அந்த ஆண்டு பட்டத்தையே வென்றது. விளைவுப் பத்தியை மட்டும் படிப்பவர் 'பெரிய ஆட்டத்தில் தடுமாறினார்' என்று எழுதுவார். விளைவை மறைத்துப் படிப்பவர், இருவர் மடக்கும்போது தனியாக நிற்பவரைக் கண்டுபிடிக்கும் கண் இவருக்கு இருக்கிறது என்று எழுதுவார். உடல் சிறியது என்ற ஐயத்தோடுதான் 2009-இல் ஏழாவது ஆளாக அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்கு எடுக்கப்பட்டார், பிறகு அங்கே பெரும் நட்சத்திரமானது எல்லோருக்கும் தெரியும்.

நம் நோட்டுக்குத் தேவையான கேள்விகள் எளியவை. ஷாட் எறிய அணிக்குக் கிடைக்கும் 24 நொடிக் கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாரா? தன் அணிக்கு டைம் அவுட் இருக்கிறதா என்று தெரிந்து ஆடினாரா? டர்ன்ஓவர் செய்த அடுத்த நொடியில் நடுவரை நோக்கிக் கையை விரித்தாரா, திரும்பி ஓடினாரா?

பத்தாம் படி: உடலும் உயரமும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உயரத்தைக் காலணியோடு நம்பாதீர்கள். கை நீளத்தை அளக்க வழியிருந்தால் அளந்துவிடுங்கள், காவலில் கை நீளம் உயரத்துக்கு ஈடுகொடுக்கும். முழங்காலில் பட்டி கட்டியிருந்தால் எந்தக் காலில் குதித்து எந்தக் காலில் இறங்குகிறார் என்று மட்டும் எழுதி, காரணத்தை அவரிடமோ அணியின் பொறுப்பாளரிடமோ கேளுங்கள். காயத்தைப் பற்றிய ஊகத்தை அறிக்கையில் எழுதுவது நம் வேலை இல்லை.

பதினோராம் படி: அறிக்கை எழுதுதலும் வீரரிடம் சொல்லுதலும்

'தடுப்பாட்டம் போதாது', 'நல்ல எதிர்காலம் உண்டு' என்பவை யாருக்கும் உதவாத வாக்கியங்கள். எந்த நிலைமையில், என்ன செய்தார், எத்தனை முறையில் எத்தனை என்ற மூன்றும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கட்டும். பலவீனங்களை எழுதும்போது, சில வாரங்களில் திருந்துபவை, ஒரு பருவம் முழுக்க உழைத்தால் திருந்துபவை, திருந்தாதவை என்று பிரித்துவிடுங்கள். முட்டுக்கொடுக்க மறப்பது முதல் வகை. இடக்கை டிரிபிளும் முழங்கைக் கோணலும் இரண்டாம் வகை. உயரமும் அடிப்படை ஓட்ட வேகமும் பெரும்பாலும் மூன்றாம் வகை. அங்கே அந்தக் குறையோடு எந்த இடத்தில் ஆட்டலாம் என்பதைத்தான் எழுத முடியும். பன்னிரண்டாம் எண்ணுக்கு நான் எழுதிய கடைசி வரி: "வலப்பக்கம் மூடப்பட்டால் இடப்பக்கம் 14-இல் 2 மட்டுமே ரிங் வரை, இருவர் மடக்கியபோது எதிர் மூலைக்கு 6 பாஸ், 6-ம் சரி. முகாமுக்கு அழைக்கலாம், பாயின்ட் கார்டாகவும் ஆட்டிப் பார்க்கவும்."

வீரரிடம் சொல்வதைத் தோற்ற அன்றே செய்யாதீர்கள். நான் மறுநாள் காலை அவர் டிஃபன் முடித்து வரும்வரை காத்திருந்தேன்.

"தம்பி, அஞ்சு நிமிஷம் இப்படி உட்காரு."

"சொல்லுங்க சார்."

"நேத்து இடது பக்கம் எத்தனை தடவை போனே?"

"நிறைய தடவை போனேன் சார்."

"பதினாலு. ரிங் வரைக்கும் போனது?"

அவர் பதில் சொல்லாமல் நோட்டை எட்டிப் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், மூலைக்குக் கொடுத்த பாஸ் வரிகளில் சற்று நின்றார்.

"இடது கை சரியாக எவ்வளவு நாளாகும் சார்?"

"தினம் காலையில இருநூறு லே-அப், இடது கையில மட்டும். அடுத்த வருஷம் இதே தொடர்ல மறுபடி எண்ணிப் பார்க்கலாம்."

அதற்காகவே ஒவ்வொரு வீரரின் பக்கத்துக்குப் பிறகும் இரண்டு பக்கங்களை வெற்றாக விட்டுவைக்கிறேன். மேலே தேதிக்கான கோடு மட்டும் போட்டிருக்கும்.